கணக்கில் போக்கெழுதினால் கடன் போய்விடுமா?

கேள்வி: ஈரோட்டில் எங்களுக்குத் துண்டு, லுங்கி, போர்வை மொத்த வியாபாரம். அப்பா முப்பது வருஷம் நடத்திய கடை. போன வருஷம் அவர் தவறிவிட்டார். இப்போது நான் பார்க்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் வெளியே நிற்கும் பாக்கி 38 லட்சம் என்று காட்டுகிறது. அதில் 11,70,000 ரூபாய் மூன்று வருஷத்துக்கு மேற்பட்டது. ஒரு கடைக்காரர் மட்டும் 4,20,000 தர வேண்டும். அவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அவர் கையெழுத்துப் போட்டு, தேதி போடாமல் கொடுத்த செக் ஒன்று அப்பாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழைய பாக்கியை எழுதித் தள்ளிவிடலாம் என்றால், எங்கள் கணக்கு எழுதும் அண்ணன், "லாபம் அடிபடும், பேங்க்ல சி.சி. லிமிட்டைக் குறைச்சிடுவாங்க, அப்படியே ஓடட்டும்" என்கிறார். அம்மாவோ, "அடிச்சு எழுதிட்டா போனது போனதுதான், அது உங்கப்பா உழைப்பு" என்று அழுகிறார். எழுதித் தள்ளினால் கடனை மன்னித்ததாக ஆகிவிடுமா? வருமான வரியில் கழிவு உண்டா? கட்டிய ஜி.எஸ்.டி. திரும்ப வருமா? பாக்கிப் பட்டியலை இணைத்திருக்கிறேன். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) கவுன்சிலில் புகார் செய்யலாமா?

- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கண்ணீருக்குத்தான் முதல் பதில். உங்கள் புத்தகத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் அது உங்களுக்கும் உங்கள் புத்தகத்துக்கும் உள்ள விஷயம். கடன்காரர் உங்களுக்குத் தர வேண்டியது அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அவரிடம் "உங்கள் கணக்கு தீர்ந்தது" என்று எழுதிக் கொடுத்தால்தான் மன்னித்ததாக ஆகும். போக்கெழுதுவது என்பது, "இந்தப் பணம் வரும் என்று நம்பி இனி நான் கடையை நடத்த மாட்டேன்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது. பில்லும் டெலிவரி சலானும் கட்டாக உங்களிடமே இருக்கும். நாளைக்கே அவர் வந்து நின்றாலும் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது கணக்கு எழுதும் அண்ணனின் பயம். உங்கள் கடை கெடக்கூடாது என்ற அக்கறையில் சொல்கிறார். ஆனால் வங்கி கணக்குப் போடும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. சி.சி. (கேஷ் கிரெடிட்) என்ற வியாபாரக் கடன் கணக்கில் நீங்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி மாதாமாதம் சரக்கிருப்பையும் வெளிப்பாக்கியையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. அந்த வெளிப்பாக்கியில் ஒரு நாள் வரம்பு இருக்கும். பெரும்பாலும் 90 நாள். அதைத் தாண்டிய பாக்கியை வங்கி ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் பார்க்கும். லிமிட் கொடுத்தபோது வந்த சாங்ஷன் லெட்டரை எடுத்து, புக் டெட்ஸ் (வெளிப்பாக்கி) என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். மூன்று வருஷப் பாக்கியான 11,70,000-க்கு வங்கி இன்றைக்கே ஒரு பைசாவும் தருவதில்லை என்பது தெரியும். இல்லாத பலத்தைக் காப்பாற்றத்தான் அதைப் புத்தகத்தில் வைத்திருக்கிறீர்கள். போக்கெழுதும் வருஷத்தில் லாபமும் முதலும் குறைந்து தெரியும், அது உண்மைதான். மேனேஜரிடம் முன்கூட்டியே போய், "அப்பா காலத்துப் பழைய பாக்கியைச் சுத்தம் செய்கிறேன், நடப்பு வியாபாரம் இதோ" என்று காட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் பழைய பாக்கியை 90 நாளுக்குள் இருப்பதுபோலக் காட்டினால் அது வங்கிக்குப் பொய்க் கணக்கு கொடுத்ததாகும். அதன் வினை பெரியது.

சரி, இனி 11,70,000-க்கு வருவோம். உடனே பேனாவை எடுக்க வேண்டாம். பழைய பாக்கி எல்லாமே வராத பாக்கி என்று நினைப்பது பெரிய தவறு. அதில் பாதி பாக்கியாகவே இருக்காது.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாத்திரக்கடைக்கு அனுப்பினார்கள். கனமான பேரேடு, சிவப்புத் துணி அட்டை. ஒரு பெயருக்கு நேரே 62,000 ரூபாய் வருஷா வருஷம் "முன்பாக்கி" என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. முதலாளிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. நான் வேலை கற்கும் ஆர்வத்தில் பழைய ரொக்கப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். அந்த மனிதர் இரண்டு தவணையாகப் பணத்தைக் கட்டியிருந்தார். அதே பெயர், வேறு ஊர்க் கடைக்காரர் ஒருவரின் பக்கத்தில் அது வரவாகியிருந்தது. அந்த இன்னொருவரோ, தன் கணக்கில் அதிகமாக நின்ற பணத்துக்குச் சரக்கு எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். முதலாளி அன்றைக்கே கிளம்பிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கடைக்காரர் மறுபடி அவரிடம் வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் எந்தக் கணக்கிலும், பாக்கிக்காரரைக் குறை சொல்லும் முன் புத்தகத்தைப் பார் என்பதை நான் விட்டதில்லை.

நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சஸ்பென்ஸ் கணக்கில் யாருடையது என்று தெரியாமல் நிற்கும் வரவுகள், டேலியில் "ஆன் அக்கவுன்ட்" என்று எந்தப் பில்லோடும் சேராமல் கிடக்கும் வசூல்கள், திருப்பி வந்த போர்வைக் கட்டுகளுக்குப் போடாமல் விட்ட கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு), அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்த தீபாவளிக் கழிவு, டேமேஜ், ரேட் வித்தியாசம் - இவை எல்லாம் பாக்கி என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். அப்பாவின் சிறிய டைரி ஏதாவது இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வியாபாரிகள் பாதிக் கணக்கைச் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒன்று என் கண்ணில் பட்டது. 11,70,000-ல் 5,20,000 ரூபாய் மூன்று கடைகளுடையது. அந்த மூவரும் இன்றைக்கும் உங்களிடம் சரக்கு எடுக்கிறார்கள், பணமும் கட்டுகிறார்கள். அப்படியென்றால் அந்தப் பழைய பில் மட்டும் ஏன் நிற்கிறது? வசூலைப் பதியும்போது எப்போதும் கடைசிப் பில்லோடு சேர்த்துவிட்டு, பழைய பில்லை அடியில் விட்டிருக்கிறார்கள். இதற்கு 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பணம் கட்டுகிறவர் "இது இந்தப் பில்லுக்கு" என்று சொல்லிக் கட்டினால் அதற்குத்தான் வைக்க வேண்டும். சொல்லாமல் கட்டினால், எந்தக் கடனுக்கு வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உங்களுக்கு. காலக்கெடு தாண்டிய கடனுக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். இருவருமே எதுவும் செய்யாமல் விட்டால் பழையதிலிருந்து வரிசையாகக் கழியும். 59, 60, 61 ஆகிய பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே அந்த மூன்று கணக்குகளையும் பில்லுக்குப் பில் பொருத்திப் பாருங்கள். அவர்கள் எதற்கென்று சொல்லாமல் கட்டிய பணம் பழைய பில்லைத் தின்றுவிட்டால், 5,20,000-ன் பெரும்பகுதி மூன்று வருஷப் பாக்கி இல்லை, மூன்று மாதப் பாக்கி என்று தெரியவரும். பொருத்திய கணக்கை அச்செடுத்து அவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மீதி 6,50,000. மூடிப்போன கடையின் 4,20,000-மும், 17 சில்லறைப் பெயர்களில் சிதறிக் கிடக்கும் 2,30,000-மும் சேர்ந்தது இது. அந்த 17 பேரில் பலருக்கு போன் நம்பரே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தைச் சரிபார்த்த பிறகும் இது நின்றால் போக்கெழுத வேண்டியதுதான். மார்ச் 31-ம் தேதிக்கு "வாராக்கடன் கணக்கு, பற்று 6,50,000" என்று ஒரு குறிப்பேட்டுப் பதிவு. எதிர்ப்பக்கம் ஒவ்வொரு கடனாளியின் பெயரையும் தனித்தனியாக எழுதி வரவு. மொத்தமாக ஒரே வரியில் கழிக்க வேண்டாம். பெயர்வாரியாக இருந்தால்தான் பின்னால் யாராவது கேட்கும்போது காட்ட முடியும், யாராவது பணம் கொண்டுவந்தாலும் அடையாளம் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வரியில் ஒரு தாள் வையுங்கள்: எந்தப் பில், கடைசியாக எப்போது பேசினோம், ஏன் வராது என்று நினைக்கிறோம், யார் முடிவு செய்தது.

எது போனது என்று தெரிந்துவிட்டதோ அதைப் போக்கெழுதுகிறோம். எது போகும் என்று சந்தேகமோ அதற்கு ஒதுக்கு வைக்கிறோம். பள்ளிக்கூடப் பாடத்தில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று படித்திருப்பீர்கள். வியாபாரிகளில் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒதுக்கு வைக்கும்போது எந்தப் பார்ட்டியின் கணக்கையும் தொட மாட்டோம். மொத்தப் பாக்கியில் இவ்வளவு வராமல் போகலாம் என்று லாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். அவ்வளவுதான்.

எவ்வளவு எடுத்து வைப்பது? சட்டத்தில் சதவீதம் கிடையாது. உங்கள் கடையின் ஐந்து வருஷ அனுபவம்தான் சதவீதம். உங்கள் பட்டியலை வைத்து நான் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். 90 நாளுக்குள் நிற்பது 16,40,000. இதில் நூற்றுக்கு ஒன்று என்றால் 16,400. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை 6,10,000. ஐந்து சதவீதம் 30,500. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை 2,40,000. இருபது சதவீதம் 48,000. ஒன்று முதல் மூன்று வருஷம் வரை 1,40,000; பாதி, அதாவது 70,000. பொருத்திப் பார்க்க வேண்டிய அந்த 5,20,000-க்கும் இப்போதைக்குப் பாதி வைத்தால் 2,60,000. எல்லாம் சேர்ந்து 4,24,900. ஆக 38 லட்சத்தில் 6,50,000 போக 31,50,000. அதிலிருந்து ஒதுக்கைக் கழித்தால் இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 27,25,100 என்று நிற்கும். 38-க்கும் 27-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இந்த 27 லட்சத்தை நம்பி நீங்கள் தறிக்காரருக்கு ஆர்டர் கொடுக்கலாம். அந்த 38-ஐ நம்பிக் கொடுத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த வருஷம் புதிதாக 4,24,900 வைக்க வேண்டியதில்லை. தேவைப்படும் ஒதுக்குக்கும் இருக்கும் ஒதுக்குக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் லாபத்தைத் தொடும்.

இப்போது வருமான வரி. போக்கெழுதிய 6,50,000-க்குக் கழிவு உண்டு. ஒதுக்கு வைத்த 4,24,900-க்கு உங்களைப் போன்ற வியாபாரிக்குக் கழிவு இல்லை. வரிக்கான லாபத்தைக் கணக்கிடும்போது அதைத் திரும்பக் கூட்டிவிடுவார்கள். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதை 36-ம் பிரிவு சொல்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டுப் புதிய சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடன் முன்பு விற்பனையாக வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அதை வராது என்று புத்தகத்தில் போக்கெழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். ஒரு காலத்தில் கடன் உண்மையிலேயே கெட்டுவிட்டது என்று அதிகாரியிடம் நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. 1989 ஏப்ரல் 1-க்குப் பிறகு அது தேவையில்லை என்று டி.ஆர்.எஃப். நிறுவனத்தின் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016 மே மாதம் நேரடி வரிகள் வாரியமும் சுற்றறிக்கை விட்டு, இந்த விஷயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்கே சொல்லியது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. விற்றது அப்பா, அவர் வருமானத்தில்தான் அது சேர்ந்தது. போக்கெழுதுவது நீங்கள். கழிவு உங்களுக்குக் கிடைக்குமா? கிடைக்கும். ஒருவர் நடத்திய வியாபாரத்தைச் சொத்து, கடன், பாக்கி எல்லாவற்றோடும் அப்படியே எடுத்துத் தொடர்ந்து நடத்துகிறவர், முந்தையவர் காலத்துக் கடனைப் போக்கெழுதிக் கழிவு கேட்கலாம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் வீரபத்ர ராவ் என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்கு நீங்கள் அந்த வியாபாரத்தை அப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பதற்கு எழுத்து வேண்டும். அம்மாவுக்கும் உங்கள் தம்பிக்கும் இதில் பங்கு இருக்கிறது. குடும்பமாக உட்கார்ந்து, கடை யாருக்கு, பாக்கி வசூல் யாருக்கு என்று ஓர் ஆவணம் எழுதிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னும் ஒன்று. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று (1961 சட்டத்தின் எண்ணில் சொன்னால்) 44ஏடி பிரிவில் ரிட்டர்ன் போட்டால் வாராக்கடன் கழிவு தனியாகக் கிடையாது. எல்லாச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். புத்தகப்படி லாபம் காட்டினால்தான் இந்தக் கழிவு. எந்த முறையில் போவது என்பதை உங்கள் ஆடிட்டரோடு மார்ச்சுக்கு முன்பே பேசுங்கள், ஏனென்றால் 44ஏடி-யை விட்டு வெளியே வந்தால் ஐந்து வருஷத்துக்கு அதற்குள் திரும்ப முடியாது. போக்கெழுதியதால் இந்த வருஷம் நட்டம் வந்தால், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால் அதை எட்டு வருஷம் வரை முன்னெடுத்துச் செல்லலாம். தாமதமாகப் போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஜி.எஸ்.டி.யில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. 4,20,000-ல் சரக்கு நான்கு லட்சம், ஐந்து சதவீத வரி 20,000. அந்த இருபதாயிரத்தை அப்பா தன் கையிலிருந்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார். வாங்கியவர் ஏமாற்றிவிட்டார் என்பதற்காக அது திரும்ப வராது. பல நாடுகளில் இதற்கு நிவாரணம் உண்டு. நம் சட்டத்தில் இல்லை, இருக்க வேண்டும் என்பது என் கருத்து. "ஒரு கிரெடிட் நோட் போட்டுடுங்க, வரி குறைஞ்சிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சரக்குத் திரும்பினால், குறையிருந்தால், விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால்தான் 34-ம் பிரிவில் கிரெடிட் நோட் போடலாம். பணம் வரவில்லை என்பது அதில் சேராது.

ஆனால் அதே சட்டம் உங்களுக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. உங்களிடம் வாங்கும் கடைக்காரர் உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்திருப்பார், அதாவது உள்ளீட்டு வரி எடுத்திருப்பார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் எடுத்த வரியை அவர் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். 150-வது நாளில் இதை நினைவுபடுத்தி மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். "பாக்கி தாருங்கள்" என்று பத்துத் தடவை போன் செய்வதைவிட இது வேலை செய்கிறது. அவருடைய ஆடிட்டரே அவருக்குச் சொல்லிவிடுவார்.

கையெழுத்து ஏன் என்றேன் அல்லவா? சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷம்தான் கெடு. கடன் நாள் பேசியிருந்தால் அது முடிந்த தேதியிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு கொடுத்த தேதியிலிருந்து அந்த மூன்று வருஷம் ஓடும். நீங்கள் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் கெடு நீளாது. கெடு முடிவதற்குள் அவர் "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். பாதிப் பணம் கட்டி, கட்டியதற்கு அவர் கையெழுத்தோடு எழுத்து இருந்தாலும் அப்படியே. உங்கள் கணக்குப் புத்தகம் மட்டும் கோர்ட்டில் சாட்சியாகப் போதாது, அதோடு பில், சலான், லாரி ரசீது வேண்டும். அதனால் வருஷா வருஷம் ஏப்ரலில் எல்லாப் பார்ட்டிக்கும் ஒரு பக்கத்தில் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பி, அடியில் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டினாலும் கடன் செத்துவிடாது. கோர்ட் வழி மூடிவிடும், அவ்வளவுதான். அவராகத் தந்தால் வாங்கலாம். "தருகிறேன்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாகவே நிற்கும்.

இழுப்பறையில் இருக்கும் அந்தச் செக்கைப் பற்றி. நீங்களாகத் தேதி எழுதி வங்கியில் போடாதீர்கள். செக் திரும்பி வழக்குப் போட்டால், அது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்குக் கொடுத்த செக்தானா என்ற கேள்வி முதலில் வரும். கெடு தாண்டியது, கொடுத்தது வேறொருவருக்கு, தேதி அவர் எழுதியதில்லை என்று மூன்று கதவுகளையும் எதிர்த்தரப்பு திறக்கும். அதை ஓர் உறையில் போட்டு, பில் கட்டோடு சேர்த்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு வர வேண்டிய கடனுக்கு வாரிசாக வழக்குப் போட்டால், வாரிசுரிமைச் சான்றிதழ் இல்லாமல் கோர்ட் தீர்ப்பாணை தராது என்பதையும் நினைவில் வையுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, கோர்ட் தரும் இந்தச் சான்றிதழ் வேறு. 4,20,000-க்காக இத்தனை செலவும் அலைச்சலும் தேவையா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த நேரத்தை நடப்புப் பார்ட்டிகளுக்குக் கொடுப்பேன்.

நாளைக்கு அந்த மனிதரே பணத்தோடு வந்தால்? வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வங்கி வழியாக மட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட வேண்டி வரும். பழைய கடன் என்பதற்காக விலக்கு இல்லை. பதிவு போடும்போது அவருடைய பழைய கணக்கில் வரவு வைக்காதீர்கள், அது ஏற்கெனவே தீர்ந்த கணக்கு. வங்கிக் கணக்கு பற்று, வசூலான வாராக்கடன் கணக்கு வரவு. முன்பு கழிவு வாங்கிய தொகை என்பதால் வந்த வருஷத்தில் அது வருமானம், வரி உண்டு.

எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலில் புகார் செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். தாமதமான பணத்துக்கு வட்டியோடு வசூலிக்கும் அந்த வழி உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். 2021 ஜூலையிலிருந்து வியாபாரிகளும் உத்யம் என்ற எம்.எஸ்.எம்.இ. பதிவு வாங்கலாம் என்றாலும், அது வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டுமே உதவும். ஆனால் எதிர்ப்பக்கம் உங்களைப் பிடிக்கும். சென்னிமலையில் உங்களுக்குப் போர்வை நெய்து தருகிறவர் உத்யம் பதிவுள்ள குறுந்தொழில் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் அவருக்குப் பணம் போக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-ல் நிற்கும் தொகைக்கு அந்த வருஷம் வரியில் செலவுக் கழிவு கிடைக்காது, கட்டிய வருஷத்தில்தான். உங்கள் கடைக்காரர்களோ தீபாவளிச் சரக்குக்குப் பொங்கலுக்குப் பணம் தருகிறார்கள். இந்த இடைவெளிக்கு சி.சி. வட்டி ஓடுகிறது. பார்ட்டிக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது இந்த 45 நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிப் புதிதாகக் கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் கடன் நாளை அச்சிட்டு விடுங்கள்.

அண்ணனிடம் ஒரு வேலை கொடுங்கள். டேலியில் பாக்கிப் பட்டியலை நாள்வாரியாக, பில்வாரியாக எடுக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானம் கடை ஓய்ந்த பிறகு, அந்த மூன்று நடப்புக் கடைகளின் கணக்கை முதலில் விரித்து, பழைய ரசீதுப் புத்தகங்களோடு இருவரும் உட்காருங்கள். அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் அப்பா சாப்பிடும்போது எந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் என்று பேசியதைக் கேட்டவர் அவர். எந்தப் பெயரில் பணம் வந்தது, யாருக்குக் கழிவு பேசினார் என்பது டேலிக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும்.